கட்டில் தோள் மாறிய தெரு

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நாகப்பட்டினம் போகும் சாலையிலிருந்து வயல்வழியே உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமம். அன்றைக்கு அதுவும் தஞ்சாவூர் மாவட்டம்தான். நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று அளந்து எழுத ஒரு சர்வே குழு அந்த ஊரில் போய் இறங்கியது. அதில் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிக்கும் தற்காலிக ஆளாக நானும் இருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்பில் வளர்ந்த காலுக்கு வழுக்குகிற வரப்பு பிடிபட நாளாயிற்று. படிப்பும் பெரிதாகக் கிடையாது. நாலு பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். அந்த ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தாலே எனக்குத் திருவிழா மாதிரி இருக்கும்.

ஆனால் அவர்கள் எங்களிடம் வாயைத் திறக்க வேண்டுமே! ஊர் இரண்டாக நின்றது. நிலம் வைத்திருந்தவர்கள் பெரிய தெருவில். அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள், வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்த தெற்குத் தெருவில். பெரிய தெரு டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கொடி, தெற்குத் தெருவில் முழுச் சிவப்புக் கொடி. அறுப்புக் கூலியை ஏற்ற வேண்டும் என்று பேச்சு வார்த்தை முடிவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. முந்தின வருடம் பெரிய மிராசுதார் டிராக்டர் வாங்கியபோது, தங்கள் வேலை போய்விடும் என்று தெற்குத் தெருப் பெண்கள் அதற்கு முன்னால் வரிசையாகப் படுத்து மறித்தார்களாம். இந்த நிலையில் நாங்கள் போனோம். நிலத்தைப் பிடுங்க வந்தவர்கள் என்று பெரிய தெரு நினைத்தது. நிலத்தை மறைத்துக் கொடுக்க வந்தவர்கள் என்று தெற்குத் தெரு நினைத்தது. இரண்டு பக்கமும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அதோடு சரி.

இரண்டு தெருவிலும் தடையில்லாமல் நுழையக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் அரசாங்க நர்ஸ். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அப்பா நாகப்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வெயிலோ மழையோ, கையில் ஒரு கறுப்புக் குடை. “அந்தம்மா குடை வரப்புல தெரிஞ்சாலே பாதிக் காய்ச்சல் எறங்கிடும்” என்று ஊரில் சொல்வார்கள். எல்லோருக்கும் அவர் நர்சம்மா.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலையில் நர்சம்மா அங்கே வந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு, எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“தை பொறந்தா அறுப்பு. எலி ஓடும், எலிக்குப் பின்னாடி பாம்பு ஓடும். நீங்க வயலு வயலா நடக்கப்போறீங்க. கடிச்சா என்ன செய்வீங்க?”

எங்கள் சர்வேயருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவர் எதற்கும் தயாராக இருக்கிற மனிதர். பெட்டியைத் திறந்து காட்டினார். புது பிளேடு, கயிறு, ஊதா நிறத்தில் ஒரு பொட்டலம் மருந்து.

“பிளேடு எதுக்குங்க?”

“கடிவாயைக் கீறி ரத்தத்தை வெளியேத்தறதுக்கும்மா. புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“சவரம் பண்ணிக்குங்க. அதுக்கு நல்லா இருக்கும்.”

சர்வேயரே சிரித்துவிட்டார். ஆனால் நர்சம்மா சிரிக்கவில்லை. கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் முன்பு வேலை பார்த்த ஊரில், கடிபட்ட ஒருவருக்கு இப்படித்தான் முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டிவிட்டார்களாம். பாம்பு விட்ட காலைக் கயிறு எடுத்துக்கொண்டது என்றார்.

“விஷத்துக்கு மருந்து ஒண்ணே ஒண்ணுதான். அது டவுன் ஆஸ்பத்திரியில இருக்கு. அது நம்மளத் தேடி வராது. கடிபட்டவங்க நடக்கவும் கூடாது. அப்ப யாரு தூக்குவா, எந்த வழியா போவாங்க, எந்த வண்டி? அத மொதல்ல சொல்லுங்க.”

பெட்டி நிறைய சாமான் வைத்திருந்தோம். தூக்க ஆள் வைத்திருக்கவில்லை.

வழி என்று பார்த்தால் ஒன்றுதான். வயலிலிருந்து பெரிய வரப்பு. வரப்பு முடிகிற இடத்தில் பெரிய தெரு. தெருவின் மறுகோடியில் வாய்க்கால் பாலம். பாலம் வரைக்கும்தான் வண்டி வரும். வேறு வழியில் போனால் வடிகாலில் இடுப்பளவு சேற்றில் இறங்கி ஏற வேண்டும். ஊரில் ஓடுகிற வண்டியும் ஒன்றுதான். பெண்கள் முன்னால் படுத்து மறித்த அதே டிராக்டர்.

நர்சம்மா மிராசுதார் வீட்டுக்குப் போனபோது பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். மிராசுதார் தாராளமாகச் சொன்னார்: “சர்க்கார் ஆளுக்கு ஒண்ணுன்னா கெட்ட பேரு எனக்குல்ல? டிராக்டர எடுத்துக்குங்க.”

“கடிபட்டவங்களுக்கு வண்டி உண்டு. ரொம்ப நன்றிங்க” என்றார் நர்சம்மா. ‘சர்க்கார் ஆளுக்கு’ என்பதை மட்டும் அவர் திருப்பிச் சொல்லவில்லை. அதன் அர்த்தம் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

பிறகு ஒத்திகை. ஆமாம், நாடகத்துக்கு நடத்துகிற மாதிரி ஒத்திகை! கயிற்றுக் கட்டில் ஒன்றைப் பிடித்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நாலு பேர் தோளில் தூக்குகிற மாதிரி செய்தார்கள். குழுவிலேயே எடை குறைந்தவன் நான் என்பதால் கடிபட்டவன் வேஷம் எனக்கு. காலை ஆட்டக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். நிலம் அளக்கையில் கொடி நட்டு வைக்கிற நீளக் கம்பை என் காலோடு சேர்த்து, துண்டுகளால் பதமாகக் கட்டி அசையாமல் செய்தார்கள். தெற்குத் தெருவிலிருந்து நாலு பேர் தூக்கினார்கள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏந் தம்பி, செத்தவன் பல்லு தெரியச் சிரிக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று வரப்பிலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெற்குத் தெருவில் நடவு, அறுப்பு எல்லாவற்றிலும் பெண்களுக்கு முன்னால் நிற்பவர். நான் அக்கா முறை வைத்துக் கூப்பிடுவேன். கூலிப் பேச்சில் மிராசுதாரின் காரியக்காரரை, அதாவது பண்ணை வேலையையும் ஆட்களையும் கவனித்துவந்தவரை, எதிர்த்துப் பேசுவதும் இந்த அக்காதான். பேச்சு முறிந்த பிறகு வாயால் பேசுவதையே விட்டுவிட்டார். காரியக்காரர் எதிரில் வந்தால் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவார். கூலி நெல்லில் இன்னும் இரண்டு படி என்று அர்த்தம். காரியக்காரர் நெட்டையான ஆள். தலையை வானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு போவார். ஊரே இதைப் பார்த்து ரசிக்கும்.

“சாகலம்மா, கடிபட்டிருக்காரு” என்றார் நர்சம்மா.

“அப்ப பேசச் சொல்லுங்க நர்சம்மா. வாய மூடிக்கிட்டுக் கட்டில்ல போனா பொணம்னு பெரிய தெருவுல கதவச் சாத்திப்புடுவாங்க.”

எல்லோரும் சிரித்தாலும் அதில் விஷயம் இருந்தது. பிணம் போனால் வீட்டுக் கதவைச் சாத்துவது வழக்கம். அதோடு, தெற்குத் தெருப் பிணம் பெரிய தெரு வழியாகப் போனதே இல்லை. ஆகவே கட்டிலில் போகிறவர் பேசிக்கொண்டே போக வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேராவூரணியிலிருந்து புறப்படுகிற பஸ் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று வரிசையாகக் கத்திக்கொண்டு போனேன்.

பெரிய தெரு முனை வந்தது. கட்டில் நின்றுவிட்டது.

யாரும் மறிக்கவில்லை, யாரும் அதட்டவில்லை. தூக்கி வந்த நாலு பேரும் தானாக நின்றார்கள். கட்டிலைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பளவில் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஒரு கையால் தலைத்துண்டை அவிழ்க்கப் பார்த்தார். கட்டில் சாய்ந்து நான் உருளப் பார்த்தேன்.

“ஏன் எறக்குனீங்க?” என்று கேட்டார் நர்சம்மா. அந்தத் தெருவில் தோளில் எதையும் வைத்துக்கொண்டு அவர்கள் நடந்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கும் கூச்சம், கேட்க, வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரிய தெரு ஆட்களுக்கும் கூச்சம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் அங்கே ஒரு பிரசங்கம் செய்திருப்பார். நர்சம்மா குடையை ஊன்றி நின்று ஒரு நிமிஷம் யோசித்தார். “சரி, எங்க கால் நிக்குதோ அங்கதான் தோள் மாத்தணும். இதுக்கு மேல பெரிய தெரு ஆளுங்க நாலு பேரு தூக்குங்க. பாலம் வரைக்கும் உங்க பொறுப்பு. ‘தோள் மாத்து’ன்னு சத்தம் வந்தா தோளக் குடுக்கணும். பேச்சு அப்புறம்.”

கட்டிலில் இருந்தது சர்க்கார் ஆள். பெரிய தெரு ஆட்களுக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. காரியக்காரரே முன்னால் வந்து தோள் கொடுத்தார். “சங்கிலி பிடிக்கிறவரு இவ்ளோ கனமா? கவர்மெண்டு சோறு நல்லாத்தான் போடுது!” என்று கேலி வேறு.

அறுப்பு தொடங்கியது. கூலியை அப்புறம் பேசிக்கொள்வோம் என்று பழைய கூலிக்கே வயலில் இறங்கியிருந்தார்கள். ஒரு நாள் மதியம் தாண்டி, நாங்கள் பக்கத்து வயலில் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தோம். ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், அரிந்து போட்டிருந்த தாள்களுக்கு நடுவில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். கதிரை அள்ளிக் கட்டும்போது கணுக்காலில் நல்ல பாம்பு போட்டுவிட்டது. படம் எடுத்து நின்றதைக் கூட இருந்த பெண்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அக்கா எழுந்து ஓடப் பார்த்தார். “ஓடக் கூடாதுக்கா, படுங்க!” என்று கத்தினேன். என் காலில் கட்டிய அதே கம்பை அவர் காலில் அதே மாதிரி கட்டினேன். வேலை தவறவில்லை. ஒரு முறை செய்து பார்த்திருந்தோமே! சர்வேயர் பிளேடைத் தேடவில்லை. “கட்டில்! கட்டில்!” என்றுதான் கத்தினார். பாம்பு கடித்துவிட்டது, டிராக்டர் பாலத்துக்கு வரட்டும் என்று சொல்ல ஒரு பையன் ஓடினான். பள்ளிக்கூடத்திலிருந்து கட்டில் வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். பாதி வரப்பில் நர்சம்மா எதிரே ஓடி வந்து சேர்ந்துகொண்டார். அன்றைக்குத்தான் அவரைக் குடை இல்லாமல் பார்த்தேன்.

“பேசிக்கிட்டே வாங்கக்கா” என்றேன். முதலில் பேசினார். வீட்டில் கோழி அடைக்க வேண்டும் என்றார். பாம்பைத் திட்டினார். பிறகு வார்த்தை குழறியது. இமை தாழ்ந்துகொண்டே வந்து மூடிக்கொண்டது. பெரிய தெரு முனைக்கு வந்தபோது சத்தமே இல்லை. பார்த்தால் யாருக்கும் அது பிணம்தான்.

“தோள் மாத்து!” என்று முன்னால் இருந்தவர் குரல் கொடுத்தார்.

பெரிய தெரு ஆட்கள் வந்தார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகத்தான் வந்தார்கள். வந்தவர்கள் கட்டிலில் யார் என்று பார்த்ததும் நின்றுவிட்டார்கள். முதல் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டுக் கதவு. அதற்கடுத்தது. மரக்கதவு நிலையில் மோதுகிற சத்தம் ஒவ்வொன்றாகத் தெரு நெடுக நகர்ந்துபோனது.

“பொணத்த இந்த வழியா எடுத்துக்கிட்டுப் போறதா? இது என்ன புதுப் பழக்கம்?” என்றார் ஒருவர்.

“பொணம் இல்லீங்க” என்றார் நர்சம்மா. மூச்சு இரைத்தது அவருக்கு. “விஷம் இப்படித்தான் பண்ணும். கண்ணு தொறக்காது, நாக்கு எழாது. காது கேக்கும். மருந்து போட்டா பொழச்சிப்பாங்க.”

“அப்ப பேசச் சொல்லுங்க, பாப்போம்.”

பேசினால்தான் உயிர் என்று சிரித்துக்கொண்டே நாங்கள் வைத்த விதி, இப்போது அந்த அக்காவின் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தெற்குத் தெரு ஆட்கள் கட்டிலை இறக்கவும் முடியாமல், முன்னால் போகவும் முடியாமல் நிற்கிறார்கள். ஒருவர் அழ ஆரம்பித்துவிட்டார். தெருவின் மறுகோடியில் டிராக்டர் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது.

நர்சம்மா யாரோடும் வாதாடவில்லை. கூட்டத்தில் காரியக்காரரைத் தேடிப் பிடித்தார். “நீங்க வாங்க. நீங்க கேளுங்க. உங்க கொரலு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.”

அவர் தயங்கித் தயங்கித்தான் வந்தார். குனிந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். “ஏம்மா… நான்தான். கேக்குதா?”

ஒன்றும் இல்லை. இன்னொரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அப்போது கட்டிலின் ஓரத்தில் கிடந்த அக்காவின் கை மெதுவாக அசைந்தது. மேலே எழவில்லை, கயிற்றின்மேல் கிடந்தபடியே ஒரு விரல் நீண்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு விரல். இரண்டு விரல்.

காரியக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

“உசிரு இருக்குடா! ரெண்டு படிய விடல பாரு! தோள் மாத்துங்கடா!”

சொல்லிவிட்டு அவரே முன் மூங்கிலுக்குக் கீழே தோளை நுழைத்தார். இன்னும் மூன்று பேர் வர வேண்டும். ஒருவர்தான் வந்தார். மற்றவர்களுக்குக் கால் எழவில்லை. காரியக்காரர் காத்திருக்கவில்லை. தூக்கி வந்தவர்களில் பின்னால் நின்ற இரண்டு பேரைப் பார்த்து, “நீங்க விடாதீங்க, அப்படியே வாங்க” என்றார். ஆக, முன்னால் பெரிய தெரு ஆட்கள் இரண்டு பேர், பின்னால் தெற்குத் தெரு ஆட்கள் இரண்டு பேர், நடுவில் அக்கா. கட்டில் தோளிலிருந்து இறங்காமல் அந்தத் தெருவில் போயிற்று. காரியக்காரர் நெட்டை என்றேனே, அவர் நிமிர்ந்து நடந்தால் கட்டில் சாயும். அதனால் தெரு முழுக்க முழங்காலை மடக்கி, குனிந்தபடியே ஓடினார். சாத்திய கதவுகளில் ஒன்றிரண்டு திறந்தன. நான் பக்கத்தில் ஓடினேன். கேலி செய்யும் நிலையில் அன்றைக்கு யாருமே இல்லை.

பாலத்தில் மிராசுதார் நின்றிருந்தார். கட்டிலில் இருப்பது யார் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. நர்சம்மா அவர் முகத்தைப் பார்த்து, “வண்டி கடிபட்டவங்களுக்குத்தானுங்களே” என்றார். குரலில் கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை. அன்றைக்குச் சொன்னதை ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் இருந்தது. மிராசுதார் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். டிரெய்லரில் கட்டிலோடு ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். மூச்சு விடவே சிரமப்பட்டு, பிழைப்பாரோ மாட்டாரோ என்று பயமுறுத்திவிட்டு, அக்கா கண் திறந்தார். நான் பார்க்கப் போனபோது உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாமே காதுல விழுந்துச்சு தம்பி” என்றார். “கதவு ஒவ்வொண்ணா சாத்துற சத்தம் கேட்டுச்சு. நான் இருக்கேன்டான்னு கத்தணும்போல இருந்துச்சு. நாக்கு வரல. அந்த ஆளு கொரலு கேட்டதும் வெரலு தானா வந்துடுச்சு.” கஞ்சியை இன்னொரு மடக்கு குடித்ததும் பழையபடி வாய் திறந்தது. “அந்த டிராக்டருக்கு முன்னாடி படுத்தேன், போலீசு தூக்கிட்டுப் போச்சு. மேல படுத்தேன், ராசாத்தி மாதிரி கொண்டாந்து எறக்கிட்டாங்க. இது தெரிஞ்சிருந்தா அப்பவே ஏறிப் படுத்திருப்பேன்!”

அதற்குப் பிறகு அந்த ஊரில் சண்டையே இல்லை என்று சொன்னால் பொய். கூலிப் பேச்சு மறுபடியும் முறிந்தது, மறுபடியும் கூடியது. கடைசியில் ஒரு படி ஏறியது. “ரெண்டு வெரலு காட்டுனேன், ஒரு வெரலுக்குத்தான் மரியாதை குடுத்தாரு” என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் எதிரில் வரும்போது அக்கா விரலைக் காட்டினால், காரியக்காரர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், மீதி ஒரு படியைத் தரமாட்டார்! கட்டில் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. எங்கள் வேலை முடிந்து கிளம்பும்போது அதை எடுத்துப் போக வேண்டாம் என்று இரண்டு தெருவிலிருந்தும் வந்து சொன்னார்கள்.

நர்சம்மாவுக்குச் சீக்கிரமே மாற்றல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. விஷக்கடிக்குத் தயாராவது என்றால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என நினைத்திருந்த எங்களை, வழியில் யார் கால் எங்கே நிற்கும் என்று பார்க்க வைத்தவர் அவர். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, யாரையும் திட்டாமல், யாரையும் தலைகுனிய வைக்காமல், நல்ல வெளிச்சத்தில், சிரிப்பும் கேலியுமாக இருந்த ஒரு நாளில் அதற்கு வழி செய்து வைத்தார். மிராசுதார் வாயிலிருந்து வந்த வார்த்தையில் தேவையானதை மட்டும் எடுத்து முடிந்துகொண்டார்.

எனக்கும் வயதாகிவிட்டது. இன்றைக்குக் கைபேசி இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஆனாலும் புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோனால், ஒரு வேலைக்குப் போனால், ஏன், ஒரு கல்யாண வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தால்கூட, இங்கே ஒருவருக்கு ஒன்று என்றால் எந்த இடத்தில் கால் நிற்கும், அங்கே முழங்காலை மடக்கித் தோள் கொடுக்க யார் வருவார்கள் என்று என் கண் தானாகத் தேடுகிறது.